பல் நிறத்துச் சிப்பாய்கள்

உப்புத் தூவப் போன மனிதர் உப்பு மூட்டையோடு வழுக்கி விழுந்தார். இதை யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிப்பார்கள், அப்புறம்தான் அடி பலமா என்று கேட்பார்கள். வாசற்படியில் பனி இறுகிப்போய்க் கிடந்தது, உப்புத் தூவினால்தான் இளகும். வீட்டில் யாரும் விழுந்து தொலைக்கக் கூடாதே என்ற நல்ல எண்ணத்தில் விடிந்ததும் எழுந்து போனவர், முதல் பிடி உப்பை அள்ளுவதற்கு முன்பே படியில் மல்லாந்துவிட்டார். கணுக்கால் முறிந்தது. மூட்டை கிழிந்து உப்பு முழுக்கப் படியில் கொட்டியது. எப்படியோ வந்த வேலை முடிந்துவிட்டது என்று ஆம்புலன்ஸில் படுத்துக்கொண்டே சொன்னாராம். அவர் எப்போதும் அப்படித்தான்.

வீடுகளைச் சூடாக்கும் பாய்லர்களுக்கு அவர் மெக்கானிக். குளிர்காலம்தான் அவருக்கு அறுவடைக் காலம். ஊரில் எந்த வீடு சில்லிட்டுப் போனாலும் அவருக்குத்தான் போன் வரும். கல்யாணமானதிலிருந்து ஒரு குளிர்காலத்திலும் பகல் வெளிச்சத்தில் அவரை வீட்டில் பார்த்ததில்லை என்று அவர் மனைவி சொல்லுவாள். இப்போது மாவுக்கட்டுக் காலை நாற்காலியில் நீட்டிக்கொண்டு ஹாலில் நாள் முழுக்கக் கிடந்தார். பார்க்காமல் இருந்ததே தேவலை என்று அவளுக்குத் தோன்ற ரொம்ப நாள் ஆகவில்லை. தண்ணீர் வேண்டும், தலையணை வேண்டும், ரிமோட் வேண்டும், முதுகு அரிக்கிறது. "ஏம்மா" என்று ஒரு குரல் வந்தால் அவள் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு எழுந்து போவாள். அவள் அதற்கென்றே வேலைக்கு லீவு போட்டிருந்தாள்.

அந்த வாரம் பார்த்துத்தான் வீட்டு பாய்லரும் நின்றது. ஊர் பாய்லரையெல்லாம் ஓட வைத்தவருக்குத் தன் வீட்டு பாய்லர் கைவிட்டதில் மானம் போய்விட்டது. எழுந்து நடக்க முடியாததால் நாற்காலியிலிருந்தே மனைவியை வைத்து ரிப்பேர் பார்த்தார். கொல்லைப்புறச் சுவரில் பாய்லரின் கழிவுநீர் போகிற சின்னக் குழாய் உறைந்திருக்கும், அதன்மேல் வெதுவெதுப்பான தண்ணீரை மெல்ல ஊற்று என்றார். அவள் அவசரத்தில் கொதிக்கும் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓட, குழாயை வெடிக்க வைக்கவா பார்க்கிறாய் என்று இங்கிருந்து கத்தினார். பனியில் நின்று அவள் தண்ணீர் ஊற்ற, ஜன்னல் வழியாக அவர் உயிரை வாங்க, ஒரு வழியாக பாய்லர் முனகிக்கொண்டு உயிர் பெற்றது. அதற்குள் வீடு விறைத்துப் போயிருந்ததால், அலமாரியின் மேல்தட்டில் பழைய கம்பளி இருக்கிறதா என்று தேடினாள். கம்பளி கிடைக்கவில்லை. கயிறு போட்டுக் கட்டிய பிஸ்கட் டப்பா ஒன்று கிடைத்தது.

அதில் என்ன இருக்கிறது என்று திறக்காமலே அவளுக்குத் தெரியும். அரைவிரல் உயரத்துக்குப் பொம்மைச் சிப்பாய்கள், ஒரு ராணுவ பேண்டு வாத்தியக் கோஷ்டி. முரசு, ஊதுகுழல், கொடி என்று ஒவ்வொருவன் கையிலும் ஒன்று. கல்யாணத்துக்கு முன்னாலும் அதற்குப் பின்னால் கொஞ்ச காலமும் அவள் உயிராக இருந்தவர்கள். நூல் முனை மாதிரி பிரஷ்ஷை வைத்துக்கொண்டு, பித்தான், மீசை, தோள்பட்டைச் சரிகை என்று ஒன்றுவிடாமல் தீட்டுவாள். பாதிப் பேருக்குச் சட்டை முடிந்து, அதுவும் இப்போது உரிந்திருந்தது. மீதிப் பேர் வெறும் சாம்பல் பிளாஸ்டிக்காக நின்றார்கள்.

அதை ஏன் விட்டாள் என்பது சொந்தபந்தம் முழுக்கத் தெரிந்த கதை. மகன் தவழ்ந்துகொண்டிருந்தபோது மேஜையிலிருந்து விழுந்த ஒருத்தனை எடுத்து விழுங்கிவிட்டான். ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். தானாக வரும், காத்திருங்கள் என்றார் டாக்டர். அடைப்பு எடுப்பதையே தொழிலாகக் கொண்ட அப்பா, இதெல்லாம் எனக்குப் புதுசா என்று தைரியம் சொன்னார். மறுநாள் அந்தக் குட்டிச் சிப்பாயும் வந்து சேர்ந்தான். அன்றைக்கே அவள் டப்பாவைக் கட்டி மேலே போட்டுவிட்டாள். மகனுக்குச் 'சிப்பாய்' என்று பெயர் நிலைத்துவிட்டது. வீட்டுக்கு யார் வந்தாலும் காப்பிக்கு முன்னால் இந்தக் கதை வரும். சிப்பாயும் எல்லோரோடும் சேர்ந்து சிரிப்பான்.

இப்போது அவன் ஆறடி ஆள். தூரத்துத் துறைமுகம் ஒன்றில் கிரேன் ஓட்டும் வேலை கிடைத்து, ஞாயிற்றுக்கிழமை கிளம்ப வேண்டும். டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அம்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவன் வெளியே போனான். புதுப் பெயிண்ட், ரெண்டு பிரஷ், அடிப்பூச்சுக்கு ஒரு ஸ்பிரே டப்பா எல்லாம் வாங்கி வந்து மேஜையில் வைத்தான். எதற்குடா வீண் செலவு என்று மட்டும் சொன்னாள்.

மனசுக்குள் அவள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள். பையன் போவதற்குள் ஒரே ஒரு முகமாவது பழையபடி வர வேண்டும். வந்தால் விட்டது கைக்குத் திரும்பிவிட்டது என்று அர்த்தம். வராவிட்டால் போனது போனதுதான், டப்பாவை எந்தக் குழந்தைக்காவது கொடுத்துவிடலாம். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க அவளுக்கு வேறு நினைப்பே இல்லை.

முதல் காரியமே கோணல். ஸ்பிரே நாற்றம் ஹாலுக்கு வந்தால் காலுடைந்தவர் இருமியே ஊரைக் கூட்டுவார் என்று, எல்லோரையும் ஒரு பலகையில் நிற்க வைத்துக் கொல்லைக்குக் கொண்டுபோய் அடித்தாள். அந்தக் குளிரில் பெயிண்ட் காற்றிலேயே பொடியாகிப் போய் உட்கார்ந்தது. உள்ளே கொண்டுவந்து விளக்கில் பார்த்தால் பேண்டு வாத்தியக்காரர்கள் அத்தனை பேருக்கும் மேலெல்லாம் மணல் ஒட்டியிருந்தது. மூக்கு எது மீசை எது என்று தெரியவில்லை. தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை எடுத்து ஒவ்வொருவனாகத் தேய்த்துக் கழுவி, குளியலறையை மூடிக்கொண்டு மறுபடியும் அடித்தாள். ஹாலில் இருமல் ஆரம்பித்தது.

பல் விஷயத்தில் அவள் கெட்டிக்காரி. பல் செட் செய்யும் லேபில்தான் அவளுக்கு வேலை. செய்து வரும் பொய்ப்பல்லுக்கு நிறம் ஏற்றுவது அவள் பொறுப்பு. வெறும் வெள்ளை அடித்தால் பல் பொய் என்று பார்த்ததும் தெரிந்துவிடும். அடியில் கொஞ்சம் மஞ்சள், நுனியில் கொஞ்சம் சாம்பல், பக்கத்தில் டீ குடித்த கறை மாதிரி ஒரு நிழல். அவள் கை பட்ட பல்லைப் பக்கத்துப் பல்லிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. கண்ணில் படாமல் இருப்பதுதான் அங்கே நல்ல வேலை. ஆகவே கை போய்விட்டதோ என்ற பயம் அவளுக்கு இல்லை. கை தினமும் பிரஷ்ஷைப் பிடிக்கிறதே.

கை போகவில்லை. நிறம்தான் போயிருந்தது. சிவப்புச் சட்டைக்குச் சிவப்பை எடுத்தால் கூசியது. கொஞ்சம் பழுப்பு சேர்த்தாள், இன்னும் கூசியது, கொஞ்சம் சாம்பல் சேர்த்தாள். கன்னத்துக்கு ரோஸ் வைக்கப் போய் அதை மஞ்சளால் அடக்கினாள். பித்தானுக்குத் தங்கம் வேண்டாம், எடுப்பாகத் தெரியும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் எல்லோரையும் வரிசையாக நிறுத்திப் பார்த்தாள். ஒரு பழுதில்லை, ஒரு கோடு பிசகவில்லை. எல்லோரும் பல் நிறத்தில் நின்றார்கள்.

"நேர்த்தியாத்தான் இருக்கு," என்றார் மெக்கானிக், கழுத்தை எக்கிப் பார்த்து. "ஆனா ஏம்மா, பேண்டு வாசிக்கவா போறாங்க? யாரோ வீட்டுல வாடகை பாக்கி வெச்சிட்டுத் தெரியாம வெளியேறுற மாதிரி இருக்காங்களே."

எப்போதும் இப்படிப் பேச்சு வந்தால் அவளும் பதிலுக்கு ஒன்று விடுவாள். அன்றைக்கு விடவில்லை. தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அடக்கி அடக்கி வாசித்து அதுவே பழகிப்போயிற்றே என்ற துக்கம்தான். பெரியவர்கள் இருக்கும்போது உரக்கச் சிரிக்காதே, குழந்தை தூங்கும்போது விளக்கைப் போடாதே என்று சொன்னவர்கள் எல்லாம் நல்லவர்கள்தான். சொன்னதை எல்லாம் கேட்டுக் கேட்டுத் தன் கண்ணிலிருந்த சிவப்பே வெளுத்துப்போய்விட்டதாக அவளுக்குத் தோன்றியது.

சிப்பாய் தட்டைத் துடைக்க வந்து நின்றான். அம்மா அழுததைப் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி ரெண்டு தட்டைத் துடைத்தான்.

"அம்மா, ஒண்ணு கேக்கட்டுமா?" என்றான். "நான் முழுங்கினது ஒருத்தனைத்தானே? மிச்சப் பேரை நீ ஏன் விட்டே?"

அவள் அடுத்த தட்டை எடுத்து அலம்ப ஆரம்பித்தாள்.

"அந்தக் கதையைச் சொல்லி எல்லாரும் சிரிக்கிறப்போ நானும் சிரிப்பேன். ஆனா நம்மாலதான் அம்மா விட்டுட்டாங்கன்னு உள்ளே ஒண்ணு இருந்துட்டே இருக்கும். போறதுக்கு முன்னாடி கேட்டுடணும்னு தோணுச்சு."

அவள் குழாயை மூடினாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். இத்தனை வருஷமும் பையனைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டே அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறாள். ஒரு தடவைகூட அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னதில்லை.

"உன்னால இல்லடா," என்றாள். "நீ முழுங்கினது ஒரு சாக்கு. நான் ஒக்காந்தா யாராவது கூப்பிடுவீங்க. பாதிக் கண்ணு வரைஞ்சிருப்பேன், எழுந்து போவேன். வந்து பாத்தா பெயிண்ட் காஞ்சிருக்கும். டப்பாவைக் கட்டிப் போட்டுட்டா, எழுந்து வர்றதுக்கு ஒண்ணும் இல்லையேன்னு போட்டுட்டேன். கூப்பிட்டதும் வரலேன்னு யாரும் சொல்லிடக் கூடாது பாரு."

அவன் தலையை ஆட்டினான். கடைசித் தட்டைத் துடைத்து அதன் இடத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

மறுநாள் அவள் சிவப்பு டப்பாவை அப்படியே திறந்து, எதையும் கலக்காமல், ஊதுகுழல்காரன் சட்டையில் தடவினாள். கண்ணைக் கூசத்தான் செய்தது. கூசட்டும் என்று விட்டாள். பித்தானுக்குத் தங்கம் வைத்தாள். கன்னத்துக்குக் குளிரில் நின்றவனுக்கு வருகிற மாதிரி நல்ல ரோஸ் வைத்தாள். முகத்தில் கண் மட்டும் பாக்கி. அதற்கு மனசு தைரியம் சொல்ல ஞாயிற்றுக்கிழமை காலை ஆகிவிட்டது.

கண் வைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. ரெண்டு மணிக்கட்டையும் ஒன்றாகச் சேர்த்து மேஜையில் ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, வெள்ளை வைத்து அதற்குள் கறுப்பில் ஒரே ஒரு புள்ளி. ஒரு கண் முடிந்த கையோடு மறு கண்ணையும் முடிக்க வேண்டும். நடுவில் எழுந்து போனால் அந்தக் கை திரும்பி வராது, ஆள் ஆயுசுக்கும் மாறுகண்தான். இடது கண் வந்துவிட்டது. அவளைப் பார்த்து உயிரோடு விழித்தது. அவளுக்குக் கண் கலங்கியது, அதையும் அடக்கிக்கொண்டாள்.

அப்போதுதான் சிப்பாய் கோட்டு மாட்டி, ஷூ போட்டு, பையைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு வாசலறையில் வந்து நின்றான்.

"அம்மா, கெளம்பறேன்."

"இருடா," என்றாள், தலையைத் தூக்காமலே. "இன்னும் ஒரு கண்ணு இருக்கு."

ஜன்னலோரத்தில் மாவுக்கட்டுக் காலோடு உட்கார்ந்திருந்த மெக்கானிக் பதறிவிட்டார். பஸ் அந்தத் திருப்பத்தில் வந்துவிட்டது, பெற்ற பிள்ளை ஊருக்குப் போகிறான், பொம்மைக்குக் கண் அப்புறம் வைக்கக் கூடாதா என்று ஆரம்பித்தார். ஏம்மா, ஏம்மா என்று ரெண்டு தடவை கூப்பிட்டார். அவள் உடம்பு பழக்கத்தில் நாற்காலியிலிருந்து கொஞ்சம் எழும்பியது. கை அசையவில்லை. அவள் மறுபடியும் உட்கார்ந்தாள்.

"நீங்க சும்மா இருங்கப்பா," என்றான் சிப்பாய். "அடுத்த பஸ்ஸுல போறேன்."

பையை இறக்கி வைத்தான். குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்தான். எதிர் நாற்காலியை ஓசைப்படாமல் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தானும் மூச்சைப் பிடித்துக்கொண்டான். தெருவில் பனியை நொறுக்கிக்கொண்டு பஸ் வந்து நின்று, யாருக்காகவோ கொஞ்சம் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

மறு கண் ஒரு மயிரிழை மேலே போய்விட்டது. அவள் அதைத் துடைத்துவிட்டு மறுபடியும் வெள்ளையிலிருந்து ஆரம்பித்தாள். அவன் எழுந்து கோட்டையும் கழற்றி மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தான்.