நடராசன் பள்ளம்

அண்ணன் சிவக்குமார் கோடிப் புடவையை விரித்து முத்தமிழின் தோளில் போட்டபோது கூடத்தில் இருந்த பெண்கள் எல்லாரும் ஒரே குரலாக அழுதார்கள். அவளும் வாயைத் திறந்தாள். அழுகை வரவில்லை. அவள் கண் வாசலுக்குப் போய்விட்டது. மழைக்கோட்டும் கணுக்கால்வரை சேறுமாக பஹீமா உள்ளே வந்துகொண்டிருந்தாள்.

காலையில் ஒருமுறை வந்து மாலை போட்டுவிட்டுப் போனவள்தான். முத்தமிழின் புருஷன் நடராசனுக்குக் கீழே பல வருஷம் வேலை பார்த்து, அவர் ஓய்வு பெற்றதும் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்த எஞ்சினியர். மறுபடி எதற்கு? ஒரு மனுஷன் செத்ததற்கு எத்தனை தடவை வருவார்கள்?

நடராசன் ஐஸ் பெட்டிக்குள் படுத்திருந்தார். தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். வீட்டில் வாயே திறக்காத மனுஷனுக்கு எதற்கு இந்தக் கட்டு என்று முத்தமிழுக்குக் காலையிலேயே தோன்றியிருந்தது. தோன்றியதும் தன்மேலேயே கோபம் வந்தது.

வெளியே நன்றாகப் பேசுவார். அதிலும் அரசலாறு என்றால் பேச்சு நிற்காது. கரையில் கான்கிரீட் சுவர் எழுப்பினால் போதும் என்று ஊரே சொன்னபோது, வேண்டவே வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்றார். கரையைச் சாய்வாக வெட்டி நாணலும் வெட்டிவேரும் வைப்போம். வீடுகளுக்கும் ஆற்றுக்கும் நடுவே குப்பையும் கருவேலமுமாகக் கிடக்கிற தாழ்வான நிலத்தை இன்னும் தோண்டித் திடலாக்குவோம். வெயில் காலத்தில் பிள்ளைகள் பந்து விளையாடட்டும், மழைக்காலத்தில் தண்ணீர் வந்து தங்கிவிட்டுப் போகட்டும் என்றார். முதலில் சிரித்தார்கள். சிரிக்காமல் கேட்டவள் பஹீமா ஒருத்திதான். இரண்டு பேருமாக ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி அதைச் செய்து முடித்தார்கள். ஊர் அதற்குக் கேலியாக நடராசன் பள்ளம் என்று பேர் வைத்தது. அந்தப் பேரே நிலைத்துவிட்டது.

முத்தமிழுக்கு அது சக்களத்தி வீடு. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள், இந்த மனுஷன் தன்னையே அளக்காமல் போட்டார். சாப்பிட உட்கார்ந்தால் போன் வரும். "சொல்லும்மா பஹீமா" என்று ஆரம்பித்தாரானால் குழம்பு ஆறி ஆடை கட்டிவிடும். தப்பாக ஒன்றும் இல்லை. இல்லாததுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல். தப்பு இருந்தால் தெருவில் இறங்கி நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். மண்ணையும் தண்ணீரையும் பேசுகிற இரண்டு பேரை எந்தப் பஞ்சாயத்தில் கொண்டு நிறுத்துவது?

நேற்றுச் சாயங்காலமும் போனில்தான் இருந்தார். முத்தமிழ் அடுப்படியில் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். அவர் சிரிப்பது கேட்டது. அவளிடம் அப்படிச் சிரித்து எவ்வளவு காலம் ஆகிறது என்று நினைத்துக்கொண்டே டம்ளரோடு வந்தாள். அவர் தலை சாய்ந்திருந்தது. மடியில் கிடந்த போனுக்குள் "சார்... சார்..." என்று அந்தக் குரல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

ஆக, கடைசிப் பேச்சும் அவளுக்கு, கடைசிச் சிரிப்பும் அவளுக்கு. கட்டியவளுக்கு மிஞ்சியது ஒன்றே ஒன்று. பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை, தெருமுனையோடு நின்றுவிட வேண்டும். ஆனால் முத்தமிழின் வீட்டுக் கொல்லை பள்ளத்தின் விளிம்பில் இருந்தது. சுடுகாட்டுக்குப் போகிற பாதை அந்தப் பள்ளத்தின் நடுவேதான் போனது. தெருமுனையிலிருந்து ஓடி வந்து கொல்லையில் நின்றால், பாடை இறங்கி, நடுவே ஊர்ந்து, அந்தக் கோடியில் சுடுகாட்டு மதிலுக்குள் நுழைகிறவரைக்கும் பார்க்கலாம். மாமியார் போனபோது அப்படித்தான் பார்த்தாள். காலையிலிருந்து இதைத்தான் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசியாக அவரைப் பார்க்கிற பொம்பளை நானாகத்தான் இருப்பேன்.

பஹீமா பக்கத்தில் வந்து குந்தினாள்.

"அக்கா, கொஞ்சம் தனியா பேசணும்."

"இங்கயே சொல்லுங்க. இங்க யாரும் வேத்தாளு இல்ல" என்றாள் முத்தமிழ். 'இங்க' என்பதை அழுத்தித்தான் சொன்னாள்.

பஹீமா தொண்டையைச் செருமிக்கொண்டாள். "கடல் ஏத்தமா இருக்குக்கா. ஆத்துத் தண்ணி கடலுக்குள்ள போவாம எதுத்துக்கிட்டு நிக்கிது. கீழத்தெரு வாய்க்கா முட்டிருச்சு. பள்ளத்து ஷட்டரத் தொறந்து தண்ணிய உள்ள விட்டாதான் தெரு தப்பும்."

"தொறந்தா?"

"பாதை முழுவிரும்."

அழுகைச் சத்தம் நின்றது. நடராசனின் தங்கை செல்லம்தான் முதலில் எழுந்தாள். "எங்கண்ணன் போற வழிய அடைக்க வந்தியா? நல்லா இருக்குடியம்மா நியாயம்!"

"ஏம்மா, அந்தப் பாதைய மேடாக்கி வச்சிருக்கலாம்ல?" என்றார் சிவக்குமார்.

"பூமி பூசை அன்னிக்கு அந்தப் பேச்ச எடுத்தோம். நல்ல காரியம் நடக்குற எடத்துல சுடுகாட்டுப் பேச்சு வேணாம்னு பெரியவங்க அடக்கிட்டாங்க. அப்பறம் கேட்டதுக்கு சாருதான், வருஷத்துல ரெண்டு மூணு நாள் தண்ணி நிக்கும், அந்த நாளாப் பாத்து எவன் சாவப் போறான்னு..." பஹீமா முடிக்கவில்லை. ஐஸ் பெட்டியைப் பார்த்தாள். "எங்க தெரு வழியா கொண்டு போவலாம் மாமா. வாப்பாகிட்ட சொல்லிருக்கேன், ஜமாத்துலயும் சொல்லிட்டோம். எல்லாரும் வழிவிட்டு நிப்பாங்க."

எங்க தெரு. முத்தமிழுக்கு அந்த இரண்டு சொல் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. பள்ளிவாசல் தெருவில், பச்சைக் கதவு போட்ட வீட்டு வாசலில் பஹீமா நிற்பாள். பாடை அவளைத் தாண்டித்தான் போகும். தெருமுனையோடு முத்தமிழுக்கு மறைந்துவிடுகிறவர், அதற்குப் பிறகு பஹீமா கண்ணில் படுவார்.

"இப்பவே தூக்கிட்டா என்ன?" என்று யாரோ கேட்டார்கள்.

"கொள்ளி வைக்கிறவன் வரணும்ல? கார்முகில் இன்னும் சிதம்பரமே தாண்டல. வழியெல்லாம் மழை" என்றார் சிவக்குமார்.

முத்தமிழ் கோடிப் புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "முடியாதுங்க. எம்புள்ள வந்து, அவரத் தூக்கிப் போறவரைக்கும் தண்ணி நிக்கட்டும். அதுக்காக அவரு எத்தனை நாளு நின்னுருப்பாரு? ஒரு நாளு அது அவருக்காக நிக்கக் கூடாதா?"

"அப்படிச் சொல்லுங்க அண்ணி" என்றாள் செல்லம்.

உத்தரவு போட்டுத் திறந்துவிடக்கூடிய அதிகாரம் பஹீமாவுக்கு இருந்தது. முத்தமிழுக்கு அது தெரியும். தெரிந்தே, உத்தரவு போடாமல் வந்து கேட்டுவிட்டால் நல்லவளாகிவிடுவாளா என்று அதற்கும் சேர்த்து எரிந்தாள். பஹீமா தலைத்துணியைச் சரி செய்துகொண்டு கொல்லைப்பக்கமாகப் போனாள்.

முத்தமிழ் ஜெயித்துவிட்டாள். கல்யாணமான முப்பத்து நாலு வருஷத்தில் ஆற்றை அவள் ஜெயித்தது இதுதான் முதல்முறை. பெட்டியின் கண்ணாடிமேல் கையை வைத்துக்கொண்டு அழுதாள். இப்போது நன்றாகவே அழுகை வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். எனக்காக உங்கள் ஆற்றைக் கொஞ்சம் காத்திருக்க வைத்தேன் பாருங்கள் என்று அவரிடம் மனசுக்குள் சொல்லக்கூடச் சொன்னாள்.

அழுது ஓய்ந்து நிமிர்ந்தபோது கூடம் பாதி காலியாக இருந்தது.

சாவு வீட்டில் யாரும் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிக்கொள்வதில்லை. எழுந்து, ஒரு வார்த்தை பேசாமல், திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார்கள். அதனால் யார் எப்போது எழுந்தார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. சுவரோரமாக விரித்திருந்த ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் கீழத்தெருப் பெண்கள். விடிந்ததிலிருந்து மார்பில் அடித்துக்கொண்டு அழுதவர்கள். ஒருத்தியும் இல்லை.

"எல்லாரும் எங்க, செல்லம்?"

செல்லம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "வாசப்படிக்குத் தண்ணி வந்துருச்சாம் அண்ணி. அரிசி பருப்பு, புள்ளைங்க புஸ்தகம், எல்லாத்தையும் பரண்ல ஏத்தப் போயிருக்காளுவ."

"ஏன் யாரும் சொல்லல?"

"எப்படிச் சொல்லுவாளுவ? நீங்க இப்படி உக்காந்திருக்கீங்க."

வாசலில் பறை அடிக்கிறவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். முத்தமிழ் ஜமக்காளத்தைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். அவர் இருந்திருந்தால் இந்நேரம் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடியிருப்பார், அவள் கத்துவது காதிலேயே விழுந்திருக்காது. செத்தும் அவளைத்தான் எழுப்பி ஓட விடுகிறார். பாவி மனுஷா என்று வாய்விட்டே சொன்னாள். கோடிப் புடவையைத் தோளோடு பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"எங்க அண்ணி போறீங்க? பொணத்த விட்டுட்டுப் போவக் கூடாது."

அவள் நிற்கவில்லை.

பஹீமா கொல்லையில் பூவரச மரத்தடியில் நனைந்துகொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் பள்ளம் இன்னும் புல்லும் பாதையுமாகக் கிடந்தது. அந்தக் கோடியில் ஷட்டர் மேடை தெரிந்தது.

"நேத்து என்ன சொன்னதுக்குச் சிரிச்சாரு?" என்று கேட்டாள் முத்தமிழ்.

பஹீமாவுக்கு முதலில் புரியவில்லை.

"போன்ல. கடைசியா சிரிச்சாருல்ல. நான் கேட்டேன்."

"நாணலுக்குள்ள தாழக்கோழி குஞ்சு பொரிச்சிருக்குன்னு சொன்னேன்க்கா. அதுக்குத்தான்."

கோழிக் குஞ்சு. முத்தமிழ் அதைக் கொஞ்ச நேரம் வாயில் போட்டு மென்றாள். கார்முகில் பிறந்த அன்று அவர் சிரித்தாரா என்று யோசித்துப் பார்த்தாள். சிரித்திருப்பார். அன்றைக்கு அவர் மனசில் ஆறும் இல்லை, இவளும் இல்லை.

"தொறந்து விடு" என்றாள்.

இத்தனை வருஷத்தில் பஹீமாவை அவள் நீ என்று சொன்னதில்லை. வாங்க, உக்காருங்க, காபி குடிக்கிறீங்களா என்று தள்ளியே வைத்திருந்தாள்.

"அக்கா..."

"இரு, முடிக்கல. தொறந்துட்டு நீ அங்கயே நிக்கணும். அவர உங்க தெருவுல கொண்டு போறப்ப நீ வாசல்ல நிக்கக் கூடாது. வீட்டுக்குப் போவக் கூடாது. திரும்பிப் பாக்கவும் கூடாது. என்னால பாக்க முடியாதத நீ பாக்க வேணாம்."

சொல்லி முடித்ததும் வெட்கமாக இருந்தது. ஆனால் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. அப்படிச் சொன்னதில்தான் அவளுக்கு மூச்சே வந்தது.

பஹீமா அவளைப் பார்த்தாள். அடி வாங்கியவள் மாதிரி கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். எதற்கு என்று கேட்கவில்லை, அப்படியெல்லாம் இல்லை அக்கா என்றும் சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் முத்தமிழ் அவளை நம்பியிருக்க மாட்டாள்.

"சரிக்கா" என்றாள். சேற்றில் இறங்கிப் பாதை வழியாக ஷட்டரைப் பார்த்து நடந்தாள். பாதி தூரம் போனதும் கோட்டுக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மழையும் பெய்துகொண்டுதான் இருந்தது.

கார்முகில் வந்து சேர்ந்தபோது பள்ளம் நிரம்பத் தொடங்கியிருந்தது. பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. குளிப்பாட்டினார்கள், வாய்க்கரிசி போட்டார்கள். சங்கு ஊதியதும் தூக்கினார்கள். முத்தமிழைச் செல்லமும் இன்னொருத்தியும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு தெருமுனைவரை கூட்டிப்போனார்கள். வழக்கமாக இடது பக்கம் திரும்பி இறங்குகிற பாடை வலது பக்கம் திரும்பியது. தொப்பி போட்ட ஆட்கள் சிலர் முன்னால் வந்து தோள் மாற்றிக்கொண்டார்கள். பாடையின் பூமாலை ஒன்று சுவரில் உரசி அறுந்து விழுந்தது. அப்புறம் முதுகுகள்தான் தெரிந்தன, அவையும் மறைந்தன.

"வாங்க அண்ணி, தலையில தண்ணி ஊத்தணும்."

கொல்லையில் மனை போட்டு உட்கார வைத்தார்கள். பள்ளம் ஒரே தண்ணீராக விரிந்திருந்தது, பாதை எங்கே போனது என்று சொல்ல முடியாது. கீழத்தெரு வாய்க்கால் வடிகிற சத்தம் இங்குவரை கேட்டது. பள்ளிவாசல் தெருப்பக்கமிருந்து பறைச் சத்தம் வந்தது. பச்சைக் கதவு வீட்டை நெருங்கியிருப்பார்கள் என்று முத்தமிழ் கணக்குப் போட்டாள்.

அந்தக் கோடியில் ஷட்டர் மேடைமேல் பஹீமா நின்றிருந்தாள். ஊருக்கு முதுகைக் காட்டி, ஆற்றைப் பார்த்து நின்றிருந்தாள். பறைச் சத்தம் அவளுக்குப் பின்னால் நெருங்கி, உரக்கக் கேட்டு, தாண்டிப் போனது. அவள் தலை அசையவில்லை. கை மட்டும் ஷட்டர் சக்கரத்தைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

செல்லம் குடத்தைத் தூக்கினாள். "கண்ண மூடிக்கிங்க அண்ணி."

தண்ணீர் தலையில் விழுந்து முகமெல்லாம் வழிந்தது. முத்தமிழ் கண்ணை மூடவில்லை.