இரண்டு பிளேடுக்கு நடுவே

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவள். பிள்ளைகள் என்னைக் கண்டால் பேச்சை விழுங்கிவிடுவார்கள். அப்பேர்ப்பட்டவள், என் வீட்டுக்காரர் தாணுமாலையன் போன நாளிலிருந்து டவுன் வீட்டுப் பின்னறையில் வாயை மூடிக்கொண்டு மூலைக்கு இருந்தேன். புருஷன் செத்தவள் ஒரு வருஷம், தலைத்திவசம் வரை வாசல் தாண்டக்கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். லீவு முடிந்துவிட்டது. திங்கட்கிழமை வந்து சேராவிட்டால் வேலை இல்லை என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள்.

யாரும் என்னைக் கட்டிப்போடவில்லை. சோறு கொண்டுவருகிற மதினி அன்னத்தாய், கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டுப் போவாள், அவ்வளவுதான். என் வீட்டுக்காரருடைய அக்கா. சின்ன வயதிலேயே தாலியறுத்து, இதே அறையில் இருந்தவள். இன்றைக்கும் யாராவது வெளியே கிளம்பினால், சகுனத்துக்கு ஆகாது என்று தானாகவே புறவாசலுக்குப் போய்விடுவாள். அதைப் பார்த்தால் எனக்குக் கோபம் கோபமாக வரும். நானும் இப்படித்தான் ஆகப்போகிறேனா என்று பயமும் வரும்.

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் அலமாரியில் அவருடைய சவர பிளேடுகள் கிடைத்தன. கை சும்மா இருக்குமா? ஒரு கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஓட்டை போட்டு, இரண்டு பிளேடை மயிரிழை இடைவெளி விட்டு ஒட்டினேன். கண்ணோடு வைத்து, முற்றத்து பல்பைப் பார்த்தேன். வெளிச்சம் இடுக்கு அளவுக்கு ஒடுங்கி நிற்கவில்லை. இரண்டு பக்கமும் பரவி, நடுவில் பளிச்சென்றும் ஓரங்களில் இருட்டும் வெளிச்சமும் மாறி மாறியும் விழுந்தது. பிளேடை இன்னும் நெருக்கினேன். மங்கியது, ஆனால் முன்னைவிட அகலமாகப் பரவியது. வருஷா வருஷம் பிள்ளைகளுக்குக் காட்டுகிற விளிம்பு விளைவுதான்.

"இங்கன வாங்களேன்" என்று பழக்கத்தில் அவரைக் கூப்பிட்டுவிட்டேன். அவர் பாத்திரக்கடைக்காரர். நான் எதைக் காட்டினாலும் ஒரு கண்ணை மூடிப் பார்த்து, "தெரியுது, தெரியுது" என்பார். ஒன்றும் தெரிந்திருக்காது. சண்டை பிடிப்பேன்.

மதினிதான் வந்தாள். அட்டையைக் கொடுத்தேன்.

"ஒண்ணும் தெரியலட்டி."

‘தெரியுது’ என்று அந்தப் பொய்யைச் சொல்ல இனி ஆளில்லை என்று அப்போதுதான் உறைத்தது. அழுதேன். அவள் தேற்றவில்லை. அட்டையைக் கண்ணிலிருந்து எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கோடு கோடா விழுதே" என்றாள் பைய. "இன்னும் நெருக்கினா?"

"இன்னும் பரவும், மதினி."

"என்னய ஒண்ணப் பாக்கதுக்குன்னு ஒருத்தரும் கூப்பிட்டதில்ல" என்றாள்.

காலையில் வேறு சேலை கட்டிக்கொண்டு, கல்லூரிக்குப் போக வாசல் நடைக்கு வந்தேன். நான் கிளம்புவதைப் பார்த்த மதினி வழக்கம்போலப் புறவாசலுக்கு நடந்தாள்.

"மதினி, முன்னால வந்து நில்லுங்க. ஒங்க மொகத்தப் பாத்துட்டுத்தான் எறங்குவேன்."

"எனக்கு அது பழக்கமில்லட்டி."

"எனக்கும் தனியாப் போய்ப் பழக்கமில்ல."

வந்து நின்றாள், கையை எங்கே வைப்பதென்று தெரியாமல். அவர் என்னை ஏற்றிக்கொண்டு போகிற ஸ்கூட்டர் ஓரமாகத் தூசி படிந்து நின்றது. அதைத் தாண்டி பஸ்ஸுக்கு நடந்தேன். தெருமுனையில் திரும்பிப் பார்த்தேன். இன்னும் வாசலிலேயே நின்றாள். இத்தனை வருஷத்தில் அவளைத் தெருவிலிருந்து நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை.