ஆறு இடது தோள்கள்

ஒரே நாள், ஒரே மருந்து, ஊசி போட்டதும் ஒரே ஆள். முன்னூற்றுப் பன்னிரண்டு பேரில் முன்னூற்றாறு பேர் மறுநாளே கையை வீசிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்கள். மீதி ஆறு பேருக்கு மட்டும் இடது கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. பதினான்கு மாதமாகியும் எழும்பவில்லை. ஏன் அந்த ஆறு பேர் மட்டும்?

ஊசி போட்ட நர்ஸுக்கு இந்தக் கேள்வி பல்லிடுக்கில் சிக்கிய நார் மாதிரி இருந்தது. நாக்கு போய்ப் போய் அங்கேயே நின்றது.

மீன் உறைய வைக்கும் அந்தத் தொழிற்சாலையில் அவளுக்கு ‘ஊசியக்கா’ என்று பெயர். ஆஸ்பத்திரியிலிருந்து தடுப்பூசிப் பெட்டியோடு வருவாள், வலிக்காமல் போடுவாள். இப்போது அந்தப் பெயரில் மண் விழுந்திருந்தது. ஆறு பேரும் சேர்ந்து ஆஸ்பத்திரி மேலும் மருந்துக் கம்பெனி மேலும் வழக்குப் போட்டிருந்தார்கள். மருந்தில் விஷம் இருந்தது என்பது வழக்கு. ஆறு பேரில் ஒருத்தி வேறு யாருமில்லை, ஊசியக்காவின் நாத்தனார்.

முன்பெல்லாம் வாய் நிறைய ‘அண்ணி’ என்பாள். இப்போது அண்ணன் வீட்டுக்கு வந்தால் சுவரைப் பார்த்துப் பேசினாள்.

“அண்ணே, அந்தம்மாகிட்ட கேளு, எனக்குத் தலை பின்னி விட ஆள் அனுப்புவாங்களான்னு.”

“அவ இங்கதான நிக்கிறா, நீயே கேளேன்,” என்றான் அண்ணன்காரன்.

“கோர்ட்டுல கேக்குறேன். அங்க பொய் சொன்னா உள்ள வைப்பாங்களாம்.”

“நான் என்னத்தம்மா பொய் சொன்னேன்?” என்றாள் ஊசியக்கா.

“அண்ணே, வீட்டுல ஏதோ சத்தம் கேக்குதே, எலியா?”

ஊசியக்கா தன் தடுப்பூசி நோட்டை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள். அதில் முன்னூற்றுப் பன்னிரண்டு பேரின் பெயர், பிரிவு, ஊசி போட்ட நேரம், மருந்துக் குப்பியின் எண் எல்லாம் இருந்தன. ஒரு குப்பியில் பத்துப் பேருக்கு மருந்து. நாத்தனாருக்குப் போட்ட குப்பியில் அவள் ஐந்தாவது ஆள். முன்னால் நான்கு பேர், பின்னால் ஐந்து பேர், ஒன்பது பேரும் கல் மாதிரி இருந்தார்கள். ஆறு பேருடைய மருந்தும் மூன்று குப்பிகளிலிருந்து வந்தது. மூன்றிலும் மற்றவர்கள் எல்லாம் சுகம்தான். விஷம் ஆள் பார்த்து வேலை செய்யாது. ஆக, மருந்து இல்லை.

பிரிவைப் பார்த்தால் ஆறு பேருமே குளிர்க் கிடங்கு ஆட்கள். ஆனால் கிடங்கில் மொத்தம் பதினான்கு பேர். மற்ற எட்டுப் பேரும் சுகம். நேரத்தைப் பார்த்தால் ஆறு பேருமே காலை டீ இடைவேளையில் வந்தவர்கள். ஆனால் அதே இடைவேளையில் மற்றப் பிரிவுகளிலிருந்தும் நாற்பது பேர் வந்தார்கள், அவர்களும் சுகம். இடம் சரியாக வந்தால் நேரம் காலை வாரியது. நேரம் சரியாக வந்தால் இடம் காலை வாரியது.

வழக்கு விசாரணைக்கு வந்த முதல் நாள், ஆஸ்பத்திரி அழைத்து வந்த நிபுணர் அரை மணி நேரம் பேசினார். மைனஸ் இருபது டிகிரியில் பெட்டி தூக்குகிறவர்களுக்குத் தோள் இறுகுவது சகஜம் என்றார். அதைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வக்கீல் நாத்தனாரைக் கூண்டில் வைத்து உலுக்கினார்.

“குளிர்ல வேலை பாத்தா மூட்டு வலி வராதாம்மா?”

“வரும் சார்.”

“அப்ப குளிராலதான் வந்துச்சு. அவ்வளவுதானே?”

“குளிர் என்ன சார், இடது தோள் எது வலது தோள் எதுன்னு கேட்டுட்டா உள்ள வரும்?”

பின்வரிசையில் சிரிப்பு வெடித்தது. நீதிபதி மேஜையைத் தட்டினார். வக்கீலின் காது சிவந்தது. ஊசியக்காவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. திட்டித் தீர்க்கிற வாயாக இருந்தாலும் அது கேட்ட கேள்வி சரியானது. குளிர் என்றால் இரண்டு தோளும் இறுகியிருக்க வேண்டும். இறுகியது ஊசி போட்ட தோள் மட்டும். அதுவும் போட்ட இரண்டு நாளுக்குள்.

வராந்தாவில் வக்கீல் அவளை ஓரங்கட்டினார்.

“மருந்து சுத்தம்னு ஆய்வுக்கூட அறிக்கை இருக்கு. அவங்க கேஸ் மருந்த நம்பித்தான் நிக்குது, தானா படுத்துடும். நாளைக்கு நீங்க சாட்சி. கேட்டதுக்கு ஆமா, இல்ல. அதுக்கு மேல வாயத் தொறந்தா வேலையும் போகும், நர்ஸ் பதிவும் போகும். புரியுதா?”

“காரணம் தெரிய வேண்டாமா சார்?”

“காரணம் தேடுறதுக்கா உங்களுக்குச் சம்பளம்?”

வீட்டுக்கு வந்தபோது கதவுக் கொக்கியில் ஒரு கோட்டு தொங்கியது. பஞ்சு அடைத்த தடித்த நீலக் கோட்டு, முன்னால் ஜிப், மணிக்கட்டில் இறுக்கமான எலாஸ்டிக். கையைத் தூக்க முடியாதவளுக்குப் பெட்டி தூக்கும் வேலை எதற்கு என்று நாத்தனாரை நிறுத்திவிட்டார்கள். நாளை தொழிற்சாலைப் பக்கம் போகும்போது கோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லி அண்ணனிடம் விட்டெறிந்துவிட்டுப் போயிருந்தாள்.

ஊசியக்கா அதை எடுத்து மாட்டிக்கொண்டாள். குளிர்க் கிடங்கு ஆட்கள் ஊசிக்கு வந்தபோது இதைத்தானே போட்டிருந்தார்கள்? இடது கையை மேலே சுருட்டிப் பார்த்தாள். எலாஸ்டிக் முழங்கைக்குக் கீழேயே பிடித்துக்கொண்டது. இழுத்தாள், அசையவில்லை. பிறகு ஜிப்பைப் பாதி இறக்கி, கழுத்துப் பட்டையைத் தோளிலிருந்து சரித்தாள். கண்ணாடியில் ஒரு உள்ளங்கை அளவு தோள் தெரிந்தது.

அங்கேயே நின்றுவிட்டாள்.

ஊசி போகவேண்டிய இடத்துக்கு ஒரு அளவு உண்டு. தோளின் உச்சியில் விரலுக்குத் தட்டுப்படும் எலும்பு முனையிலிருந்து இரண்டு மூன்று விரல் கீழே. அங்கே தசை தடிமனாக இருக்கும். அதற்கு மேலே, எலும்புக்கும் தசைக்கும் நடுவில், வழவழப்பான நீர் கொஞ்சம் உள்ள சிறிய பை இருக்கிறது. கை உயரும்போது ஒன்றோடொன்று உராயாமல் இருக்க உடம்பு வைத்துக்கொண்ட மெத்தை அது. மருந்து தசையில் இறங்கினால், உடம்பு அதை எதிர்த்துப் பார்த்து நோயோடு சண்டை போடக் கற்றுக்கொள்கிறது. பையில் இறங்கினால் அதே சண்டை மூட்டுக்குள் நடக்கிறது. மருந்து சுத்தமாக இருந்தாலும் தோள் வீங்கி இறுகிவிடும்.

பேனாவை எடுத்து, வெளியே தெரிந்த தோலின் நடுவில் புள்ளி வைத்தாள். கோட்டைக் கழற்றிவிட்டு அளந்தாள். எலும்பு முனையிலிருந்து ஒரே விரல்.

மற்ற எட்டுப் பேர்? மாலை வேலைக்காரர்கள். கோட்டு மாட்டுவதற்கு முன்பே சொந்தச் சட்டையில் வந்து போட்டுக்கொண்டவர்கள். இடைவேளையில் வந்த மற்ற நாற்பது பேர்? அரைக்கைச் சட்டைக்காரர்கள். கிடங்கும் இடைவேளையும் ஒன்றாகச் சேர்ந்த ஆறு பேர் மட்டுமே கோட்டோடு வந்தார்கள்.

அன்று அவர்களிடம் தானே சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. “கோட்டக் கழட்ட வேணாம்மா, தோள மட்டும் இறக்குங்க. டீ குடிக்க நேரம் வேணும்ல.”

புருஷனிடம் சொன்னாள். அவன் கோட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

“இத வெளிய சொன்னா நீ காலி.”

“சொல்லாட்டி உன் தங்கச்சி காலி. கேஸ் படுத்துடும்னு வக்கீலே சொல்றாரு.”

“அவ உன்ன எலிங்கிறா.”

“எலின்னாலும் அவ கை அங்க தொங்குதே!”

மறுநாள் கோட்டு தொழிற்சாலைக்குப் போகவில்லை. ஊசியக்காவின் பையில் கோர்ட்டுக்கு வந்தது. ஆறு பேரின் வக்கீல் அவளைக் குறுக்கு விசாரணை செய்தார். குரல் ஜன்னலைத் தாண்டியது.

“உங்க கையால விஷத்த ஏத்துனீங்க. ஆமாவா, இல்லையா?”

“இல்லங்க. மருந்து சுத்தம்.”

“ஓஹோ! அப்ப ஆறு கையும் வேண்டுதலுக்குத் தொங்குதா? பின்ன என்னதான் காரணம்?”

ஆஸ்பத்திரி வக்கீல் துள்ளி எழுந்தார். அந்தக் கேள்வியை அனுமதிக்கக் கூடாது என்று கத்தினார். நீதிபதி அவரை உட்காரச் சொன்னார். ஊசியக்கா கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, கையைச் சுருட்ட முடியாததைக் காட்டினாள், தோளைச் சரித்துக் காட்டினாள், விரலால் அளந்து காட்டினாள். கடைசியில், கழற்ற வேண்டாம் என்று சொன்னதே தான்தான் என்றாள்.

ஆஸ்பத்திரி வக்கீல் மறுபடி எழுந்தார்.

“இந்தம்மாவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் இனி ஒட்டும் இல்ல உறவும் இல்ல,” என்று வக்கீல் பல்லைக் கடித்தார்.

நாத்தனார் பெஞ்சிலிருந்து எழுந்தாள். பதினான்கு மாதத்தில் முதல் முறையாக அண்ணியின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“ஒரு கோட்ட மாட்டிப் பாக்க உனக்குப் பதினாலு மாசமாச்சா?”

“உக்காருங்கம்மா,” என்றார் நீதிபதி. ஊசியக்காவின் பக்கம் திரும்பினார். “விஷம்ங்கிற வாதம் இனி நிக்காது. ஊசி போட்ட விதம்தான் இனிமே வழக்கு. அது உங்க மேலயே திரும்பும், தெரியுமில்ல?”

“தெரியுங்கய்யா.”

“சரி. எப்படிப் போட்டிருக்கணும்? பதிவுக்குச் சொல்லுங்க.”

தட்டச்சர் விரல்களைத் தயாராக வைத்தார். ஊசியக்கா அவருக்கு எட்டும்படி நிதானமாகச் சொன்னாள்.

“கோட்டு முழுசாக் கழறணும். சட்டைக் கை தோள் வரைக்கும் ஏறணும், ஏறலேன்னா மறைவா உக்கார வெச்சுச் சட்டையும் கழறணும். எலும்பு முனையத் தொட்டுப் பாத்து, ரெண்டு மூணு விரல் கீழ அளந்து, அங்க குத்தணும். டீ ஆறினாலும் பரவாயில்ல.”