வசனம் இல்லாத இடம்

சர்மிளாவின் மகளுக்குக் காய்ச்சல் என்று வெள்ளிக்கிழமை பின்னேரம் செய்தி வந்தது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பங்கின் கலைவிழா. நாடகத்தில் மனைவியாக நடிக்க இருந்தவள் சர்மிளாதான், இனி அதற்கு ஆள் இல்லை. ஒத்திகைக்கு வந்திருந்த எல்லோரும் நிரஞ்சனியைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த நாடகத்தை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்தவள் அவள்தான். முழு வசனமும் பாடமாக இருந்தது அவளுக்கு மட்டும்தான்.

“சரி, நான் செய்யிறன்,” என்றாள். யாரோ கடைக்குப் போய்ப் பால் வாங்கிவரச் சொன்னதுபோல இருந்தது அவளுக்கு. பயமும் இல்லை, விருப்பமும் இல்லை.

அந்த நாடகம் இருந்த புத்தகம் அவளுக்கு நூலகத்தில் கிடைத்தது. கழித்துவிடுவதற்காக வாசலில் அடுக்கி வைத்திருந்த பெட்டியொன்றில் கிடந்தது. எழுதியவரை உலகமே அறியும். மன்னாரில் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்திலேயே அவருடைய பெரிய நாவல்களைச் சுருக்கிய பதிப்புகளில் வாசித்திருந்தாள். அவர் நாடகமும் எழுதினார் என்பதை அன்றுதான் அறிந்தாள். நாலு நாடகங்கள். ஒன்றும் மேடையில் நிற்கவில்லை, சில நாட்களோடு இறக்கிவிட்டார்கள் என்று முன்னுரை சொன்னது. நாவலில் ஒரு மனிதரின் மனத்தைப் பக்கம் பக்கமாக விரித்துக் காட்டத் தெரிந்தவருக்கு, மேடையில் அந்த மனிதரை வைத்து என்ன செய்வதென்று தெரியவில்லையாம்.

நிரஞ்சனிக்கு அப்படித் தோன்றவில்லை. சென்ட் லோரன்டில் தான் வேலை செய்யும் மருந்துத் தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையில் இருந்து அவள் அதை வாசித்தாள். மூன்றாவது நாடகத்தின் கடைசியில், மகளைப் பறிகொடுத்த கணவனும் மனைவியும் ஒரு மேசையடியில் இருக்கிறார்கள். மனைவி தன் தங்கையிடம் போவதற்கு எழும்புகிறாள். கணவன் ஒன்றும் சொல்வதில்லை. அவள் பையை எடுத்துக்கொண்டு மெல்லக் கதவுவரை நடந்து வெளியே போகிறாள். திரை. அந்த இடத்தில் நாவல்களில் மூன்று பக்கம் எழுதக்கூடியவர், இங்கே ஒரு சொல்கூட எழுதாமல் விட்டிருந்தார். தெரியாமல் விட்டதாக அவளால் நம்ப முடியவில்லை.

அவளும் கணவன் யோசெப்பும் மகனைப் பறிகொடுத்தவர்கள். றஜிந்தனுக்கு இருபத்திரண்டு வயது. போன வருடத்துக்கு முந்திய மாரியில், பனி உறைந்த பெருந்தெருவில் அவனுடைய கார் சறுக்கியது. சவ அடக்கம் முடிந்த பிறகு யோசெப் அவனுடைய பெயரை ஒருநாளும் வாயால் சொல்லவில்லை. அறைக் கதவு சாத்தியே கிடந்தது. தொலைக்காட்சியில் ஹொக்கி ஓடும். அது இல்லாவிட்டால் வானொலி. அவளுக்குக் காலை வேலை, அவருக்குத் துறைமுகத்தில் பின்னேர வேலை. இருவரும் ஒன்றாய் வீட்டில் நிற்கும் நேரம் குறைவு. அந்த நேரத்திலும் அவர் குளிரைப் பற்றி, வீதி திருத்துவதைப் பற்றி ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பார்.

அந்த மூன்றாவது நாடகத்தை மொழிபெயர்க்கத் தொடங்கியபோது வீட்டைவிட்டுப் போகும் எண்ணம் அவளுக்கு இருக்கவில்லை. முடித்தபோது இருந்தது. ரொறன்ரோவில் இருக்கும் தங்கை கௌரி, “அக்கா, வந்து என்னோட இரு, அங்க சுவரோடயே கதைக்கிறாய்?” என்று எப்போதோ கேட்டிருந்தாள். திங்கட்கிழமைக் காலை பஸ்ஸுக்கு இடம் பிடித்தாகிவிட்டது. யோசெப்பிடம் சொன்னபோது அவர் கோப்பையைக் கழுவிக்கொண்டு நின்றார். “திரும்பி வர எவ்வளவு நாளாகும்?” என்று கேட்டார்.

“வாற யோசினை இல்லை.”

“சரி. உடுப்புப் பெட்டியைக் கீழ கொண்டுவந்து தாறன்.”

அவ்வளவுதான்.

பங்கு நாடகங்களில் யோசெப்தான் மறைவில் இருந்து வசனம் எடுத்துக் கொடுப்பவர். இந்தச் சனத்தில் யாரும் வசனத்தை ஒழுங்காகப் பாடமாக்குவதில்லை. வேலை, பிள்ளைகள், இரண்டாவது வேலை. மேடையின் வலது பக்கம், திரைச்சீலைக்குப் பின்னால், சின்ன ரோர்ச் லைற்றோடு யோசெப் ஸ்ரூலில் இருந்தால் போதும். கணவனாக நடிக்கும் அம்புறோஸ் அதைப் பெருமையாகவே சொல்லுவான்.

“எனக்கென்ன பயம்? யோசெப் அண்ணை சொன்னாச் சொல்லுவன். அவர் தும்மினா நானும் தும்முவன்.”

அந்தக் கடைசி இடத்தில்தான் ஒவ்வொரு ஒத்திகையிலும் இடறியது. அம்புறோஸ் பேசாமல் இருப்பான். உடனே மறைவில் இருந்து யோசெப் முந்தின வசனத்தைத் திரும்பச் சொல்லுவார். அம்புறோஸும் அதைத் திரும்பச் சொல்லுவான்.

“அதில ஒண்டும் சொல்ல வேண்டாம்,” என்று நிரஞ்சனி எட்டிப் பார்த்துச் சொன்னாள். “சும்மா இருங்கோ.”

“எவ்வளவு நேரம்?” என்றார் யோசெப்.

“அவள் கதவால போகுமட்டும்.”

“ஐயோ அக்கா, நான் மறந்துபோய் முழிக்கிறன் எண்டெல்லோ சனம் நினைக்கும்,” என்றான் அம்புறோஸ்.

திரை இழுக்கும் கிறேஸ் சிரித்தாள். “அவ்வளவு பெரிய எழுத்தாளருக்குக் கடைசியில வசனம் முடிஞ்சுபோச்சே? எங்கட நாடகம் எழுதிற றெக்ஸிட்டக் குடுங்கோ, நாலு பக்கத்துக்கு அழுகை எழுதித் தருவான்.”

யோசெப் மட்டும் சிரிக்கவில்லை. பிரதியின் கடைசிப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறு மதியப் பூசைக்குப் பிறகு மண்டபம் நிரம்பியது. வாசலில் பனிச் சப்பாத்துகளைச் சுற்றி உருகின தண்ணீர். பின்வரிசையில் பிள்ளைகள் பிரெஞ்சில் சண்டை பிடித்தார்கள். பங்குச் சுவாமி முன்வரிசையில் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நிரஞ்சனி நீளப் பாவாடையும் தொப்பியுமாய் மேடையில் நின்றபோது எதுவும் படபடக்கவில்லை. வசனங்கள் தானாக வந்தன. அம்புறோஸ் கோட்டும் ரையும் அணிந்து, ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் கொஞ்சம் வலப்பக்கம் காதைச் சாய்த்தான்.

கடைசி இடம் வந்தது.

“நான் தங்கையிடம் போகிறேன்,” என்று நிரஞ்சனி சொன்னாள். எழும்பினாள்.

அம்புறோஸ் பேசாமல் இருந்தான். மண்டபத்தில் யாரோ இருமினார்கள். யாரோ கதிரையை இழுத்தார்கள். “ஆள் மறந்திட்டார்,” என்று ஒரு பெண்குரல் கேட்டது. நிரஞ்சனி பையை எடுத்தாள். யோசெப் பேசவில்லை, சொன்னபடி இருக்கிறார் என்று நினைத்தாள்.

அப்போது மறைவில் இருந்து மெல்லிய குரல் வந்தது.

“இஞ்சேரும்.”

“இஞ்சேரும்,” என்றான் அம்புறோஸ், கணீரென்று.

மண்டபம் சிரித்தது. கோட்டுப் போட்ட வெள்ளைக்காரத் துரை மனைவியை யாழ்ப்பாணத்து மனிசன்போலக் கூப்பிட்டால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? நிரஞ்சனி நின்றுவிட்டாள். யோசெப் அவளைக் கூப்பிடுகிற விதம் அது. அந்தச் சொல்லை அவள் எங்கும் எழுதவில்லை.

“அவன்ர அறைக்குள்ள நான் ஒவ்வொரு நாளும் போறனான்,” என்றது மறைவு.

“அவன்ர அறைக்குள்ள நான் ஒவ்வொரு நாளும் போறனான்,” என்றான் அம்புறோஸ். நாடகத்தில் செத்தது மகள் என்பதுகூட அவனுக்கு உறைக்கவில்லை.

“நீர் வேலைக்குப் போனாப் பிறகு.”

“நீர் வேலைக்குப் போனாப் பிறகு.”

இப்போது யாரும் சிரிக்கவில்லை. சுவாமி சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார்.

“றஜி எண்டு கூப்பிட்டுப் பாக்கிறனான்.”

அம்புறோஸ் வாயைத் திறந்தான். “ற” என்று தொடங்கி, நின்றான். அவன் முகத்தில் இருந்த நடிப்பு அப்படியே வடிந்துபோனது. அவன் மறைவைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான், பிறகு மேசையைப் பார்த்துக் குனிந்துகொண்டான். அந்த வசனத்தை மேடையில் யாரும் சொல்லவில்லை.

அவளுக்கு அழுகை வரவில்லை. நாடகத்தில் அவள் செய்யவேண்டியது ஒன்றுதான் மிச்சம் இருந்தது. கதவால் போவது. கதவு வலது பக்கம் இருந்தது. நடந்து, அதைத் திறந்து, வெளியே போனாள். கிறேஸ் திரையை இழுத்தாள். சனம் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கை தட்டியது.

கதவுக்கு அந்தப் பக்கம் யோசெப் ஸ்ரூலில் இருந்தார். ரோர்ச் லைற் இன்னும் அந்த வெறும் பக்கத்திலேயே பட்டுக்கொண்டிருந்தது. அவர் நிமிரவில்லை.

“அது எழுத்தில இல்லை,” என்றாள்.

“இல்லைத்தான். கன நேரம் சும்மா கிடந்துது. என்னால ஏலேல்லை.”

“அறைக்குள்ள உண்மையாப் போறனீங்களோ?”

“ஓம்.”

“கூப்பிட்டுட்டு? பேந்து?”

அவர் ரோர்ச் லைற்றை அணைத்தார். “கொஞ்ச நேரம் நிக்கிறனான். பேந்து வேலைக்குப் போறனான்.”

அதற்குள் அம்புறோஸ் வந்து, “அண்ணை, நான் தெரியாமல்...” என்று தொடங்கினான். ரையைக் கழற்றினான். கழற்றிய ரையைத் திரும்பக் கட்டப் பார்த்தான். வணக்கம் சொல்ல வரச்சொல்லி கிறேஸ் மேடையில் இருந்து கூப்பிட்டாள். அவன் சந்தோசமாக ஓடிப்போனான்.

நிரஞ்சனி போகவில்லை. பக்கத்தில் வேறு ஸ்ரூல் இல்லை, நின்றுகொண்டே இருந்தாள். காலமை எழும்ப வேண்டும், சாப்பாடு கட்ட வேண்டும், பஸ் நிலையத்துக்கு மெற்றோ எடுக்க வேண்டும் என்று அடுத்தடுத்து நினைத்தாள். ஒவ்வொன்றும் எங்கோ தூரத்தில் வேறொருத்தி செய்யப்போகிற வேலையாகத் தெரிந்தது.

“நாளைக்கு நான் போகேல்லை,” என்றாள். “வேலைக்கும் லீவு சொன்னதுதானே. காலமை வீட்டில நிக்கிறன்.”

யோசெப் பிரதியை மூடினார். “அவன்ர அறைக்குள்ள வாறீரோ?”

“தெரியேல்லை. கதவடியில நிக்கிறன். நீங்கள் கூப்பிடுங்கோ.”

அவர் தலையாட்டினார். திரைக்கு அப்பால் சனம் கதிரைகளை மடக்கி அடுக்கத் தொடங்கியிருந்தது.