பத்து நம்பர் ஸ்பேனர்

சாவியைத் திருப்பினால் எஞ்சின் உறும வேண்டும். எங்கள் காடியோ சுவர்ப் பல்லி மாதிரி டிக், டிக் என்றது. பக்கத்து இருக்கையில் என் புருஷன் பாஸ்கல், மடியில் போர்வையையும் பிளாஸ்க்கையும் வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

“செத்துப் போச்சா?” என்றார்.

“காடிதான் செத்துச்சு. நாம போவோம்” என்று சொல்லி இறங்கினேன்.

பாஸ்கலுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் காலையில் ஈப்போ டயாலிசிஸ் மையத்தில் நாலு மணி நேரம் ரத்தம் கழுவ வேண்டும். எங்களுக்கு முதல் பேட்ச். தாமதமாகப் போனால் அடுத்த பேட்ச் ஆள் வாசலில் வந்து நிற்பார். நம் நேரத்தைத்தான் வெட்டுவார்கள். விடியாத நேரத்தில் எங்கள் சிலிபின் பக்கத்தில் வாடகைக் காடி கிடைப்பது குதிரைக் கொம்பு. கிடைத்த அன்று அரைகுறையாகக் கழுவிக்கொண்டு வந்தோம். கிடைக்காத அன்று, “பரவால்லலா பமேலா, அடுத்த தடவ பாத்துக்கலாம்” என்று அவர் போர்வையை மடித்துக்கொண்டு உள்ளே போய்விடுவார். சாயங்காலத்துக்குள் கால் இரண்டும் வீங்கிவிடும். பொழுது விடிந்த பிறகுதான் பட்டறை ஆள் வந்து பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவான்.

தாதி தினேஸ்வரி ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். “அக்கா, இப்படி விட்டு விட்டு வந்தா தண்ணி நுரையீரல்ல ஏறிடும். அப்புறம் என் கையிலயும் இல்ல, உங்க கையிலயும் இல்ல.”

உன் கையில் இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் பிடித்தால் உடும்புப் பிடி. அந்தக் காடியின் உயிரை எது உறிஞ்சுகிறது என்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

முதலில் பழைய பேட்டரியைத் தூக்கிப்போட்டுப் புதிது வாங்கினோம். அதுவும் இரண்டாவது வாரம் டிக் டிக் என்றது. பட்டறை ஃபூவிடம் விட்டேன். இரண்டு நாள் அவனுடைய முற்றத்தில் நின்றது காடி. இரண்டு நாள் காலையும் ஒரே திருப்பில் பிடித்தது. ஆன்ட்டி, காடியில் ஒரு குறையும் இல்லை என்று மலாயில் சொல்லிச் சாவியைக் கையில் கொடுத்தான். வீட்டுக்குக் கொண்டுவந்த வாரமே மறுபடியும் பல்லிச் சத்தம்.

பக்கத்து வீட்டுக் கலாதேவி அக்கா தன் முடிவைச் சொல்லிவிட்டார். “இது கண்ணு பமேலா. பட்டறையில ஓடுது, உன் வாசல்ல ஓடலன்னா வேற என்ன?” வேண்டாம் என்று சொல்வதற்குள் எலுமிச்சையும் பச்சை மிளகாயும் கோத்து முன்பக்கம் கட்டிவிட்டார். நான் என் பங்குக்கு மாதா கோயிலிலிருந்து தீர்த்தம் கொண்டுவந்து பானெட்டில் தெளித்தேன். இரண்டு மதமும் சேர்ந்து காவல் காத்தும் அந்த வியாழக்கிழமை காடி எழுந்திருக்கவில்லை.

எனக்கு அதிக ஆத்திரம் பாஸ்கல் மேல்தான். சுங்காய்ப் பக்கம் எஸ்டேட்டில் டிராக்டர், லாரி எல்லாவற்றையும் பிரித்துப் பூட்டியவர். எஸ்டேட் கைமாறி ரப்பருக்குப் பதில் செம்பனை வந்த பிறகு ஈப்போவில் பஸ் கம்பெனிப் பட்டறையில் இருந்தவர். ரோட்டில் போகிற லாரியின் சத்தத்தைக் கேட்டே அதற்கு என்ன நோய் என்று சொல்லக்கூடிய மனிதர், சொந்தக் காடியின் பானெட்டைத் திறந்து எட்டிப் பார்க்க மாட்டேன் என்கிறார்.

“கை நடுங்குதுலா. கண்ணும் சரியா தெரியல. வித்துடு” என்றார்.

“வித்துட்டு உங்கள முதுகுல தூக்கிட்டுப் போகவா?”

ரிமோட்டை எடுத்து டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

சரி, நானே பார்க்கிறேன் என்று இறங்கினேன். ஹார்ட்வேர் கடையில் ஒரு மல்டிமீட்டரும் ஒரு ஜோடி ஜம்பர் வயரும் வாங்கினேன். மத்தியான வேலைக்கு நான் போகிற தையல் கடையில், பொத்தான் தைக்கிற நேரத்தில் போனை முன்னால் நிறுத்தி வைத்து வீடியோ பார்த்துப் படித்தேன். விஷயம் பெரிய வித்தை இல்லை. பேட்டரியின் கறுப்பு முனையைக் கழற்றி, முனைக்கும் வயருக்கும் நடுவே மீட்டரை வைக்க வேண்டும். தூங்குகிற காடி துளித்துளியாகத்தான் மின்சாரம் குடிக்கும். ஐம்பது மில்லி ஆம்பியருக்கு மேல் போனால் உள்ளே திருடன் இருக்கிறான். அப்புறம் ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். எதைப் பிடுங்கும்போது எண் இறங்குகிறதோ அந்த வழியில்தான் திருடன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் பாஸ்கலின் கருவிப் பெட்டியிலிருந்து பத்து நம்பர் ஸ்பேனரை எடுத்தேன். முனையைக் கழற்றி மீட்டரை மாட்டினால் எண் எங்கேயோ போய் நின்றது. “மாட்டிக்கிட்டான்!” என்று நான் போட்ட சத்தத்தில் கலாதேவி அக்கா ஓடி வந்தார். வந்தவர், “கதவு தொறந்து கிடக்கு பமேலா, உள்ள லைட்டு எரியுது” என்றார். கதவை மூடினேன். எண் சரசரவென்று இறங்கி இருபதில் நின்றது.

இருபது நல்ல காடியின் எண். என்றாலும் நான் விடவில்லை. ஃபியூஸ் ஒவ்வொன்றையும் பிடுங்கிப் பிஸ்கட் டின்னில் போட்டேன். ரேடியோ, ஹார்ன், கண்ணாடி, டிக்கி விளக்கு என்று எதைப் பிடுங்கினாலும் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. டைனமோ வழியாகக் கசியும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். அந்த வயரையும் கழற்றிப் பார்த்தேன். வெயில் முதுகைச் சுட்டது. பாஸ்கல் கதவருகே வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். ஏதோ சொல்லப் போவது போல வாய் திறந்தார், பிறகு உள்ளே போய்விட்டார்.

“ஆனா ஒண்ணு” என்றார் கலாதேவி அக்கா, டின்னைப் பிடித்துக்கொண்டு. “ஞாயித்துக்கிழமை மட்டும் தவறாம ஓடுதுல்ல? உங்க சாமிக்கு மட்டும் பயப்படுது போல.”

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்த நேரத்தில் யோசித்திருக்கலாம். செவ்வாய், வியாழன், சனி தவிர நான் காடியைத் தொடுவது ஞாயிறு மட்டும்தான். தையல் கடைக்கு நடந்தே போய்விடுவேன். அதனால் மற்ற நாளில் அது எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

திருடனைப் பிடிக்க முடியவில்லை என்றால் பெட்டியைப் பூட்டிவிட வேண்டியதுதான். புதன்கிழமை சாயங்காலம் கறுப்பு முனையைக் கழற்றி, வயரை ஓரமாக ஒதுக்கி, காடிக்கு உறையைப் போட்டு மூடினேன். வயரே இல்லாமல் எவன் வந்து குடிப்பான்? ஸ்பேனரைப் பெட்டியில் போட்டுவிட்டு, பல மாதத்துக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினேன்.

வியாழக்கிழமை காலை பாஸ்கலை உள்ளே உட்கார வைத்துவிட்டு, முனையை மாட்டலாம் என்று பானெட்டைத் திறந்தேன். முனை ஏற்கெனவே மாட்டியிருந்தது.

நான்தான் கழற்ற மறந்துவிட்டேனோ என்று ஒரு நொடி என்னையே சந்தேகப்பட்டேன். போன் விளக்கை அருகில் கொண்டுபோனேன். முனையைச் சுற்றிப் பளபளவென்று கிரீஸ் தடவியிருந்தது. மெல்லியதாக, ஒரே சீராக, ஓரத்தில் வழிந்ததைத் துணியால் துடைத்து. பேட்டரி முனையில் கிரீஸ் தடவாமல் பூட்டவே மாட்டாத ஒரே ஒரு ஆளை எனக்குத் தெரியும். அவரோடு இருபத்தெட்டு வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறேன்.

சாவியைத் திருப்பினேன். டிக், டிக்.

தோளில் ஆட்டை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடியிருக்கிறேன். இறங்கிச் சுற்றிப் போய் அவர் பக்கத்துக் கதவைத் திறந்து, கிரீஸ் ஒட்டிய விரலை நீட்டினேன்.

“சும்மா மாட்டி விட்டிருந்தா நான் என்னையத்தான் திட்டியிருப்பேன்” என்றேன்.

அவர் விரலைப் பார்த்தார். “தடவாம மாட்டுனா பச்சை பூத்துடும்லா” என்றார்.

அவர் சட்டைப் பையிலிருந்து மாற்றுச் சாவி வந்தது. ராத்திரியில் அவருக்குத் தூக்கம் கிடையாது, கால் குடையும், எழுந்து நடப்பார். அந்தச் செருப்புச் சத்தம் பழகிப்போய் நான் கண் திறப்பதில்லை. உறைக்குள் புகுந்து சாவியை ஒரு சுற்று திருப்பி, எஞ்சினைக் கிளப்பாமல், பேட்டரி வடியட்டும் என்று அப்படியே விட்டுவிட்டு வருவாராம். நான் எழுந்திருப்பதற்கு முன்னால் போய் எடுத்துவிடுவாராம். எல்லா நாளும் இல்லை, போக மனசு வராத நாளில் மட்டும்.

“ஏன்?” என்றேன். கத்தத்தான் நினைத்தேன். கதவைப் பிடித்துக்கொண்டேன்.

“பிச்சைமுத்து போனதுலேர்ந்து...” என்று நிறுத்தினார். பிச்சைமுத்து அவருக்குப் பக்கத்துக் கட்டில்காரர். நாலு மணி நேரமும் இருவரும் பந்து விளையாட்டைப் பற்றியே சண்டை போடுவார்கள். “அடுத்த தடவ போறேன், வேற ஆளு படுத்திருக்கான். போர்வைய மாத்துன மாதிரி ஆள மாத்திட்டாங்க. யாரும் ஒண்ணும் பேசல. நாளைக்கு என் கட்டிலும் அப்படித்தான். போதும்னு தோணுது பமேலா.”

“வேணாம்னு வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே?”

“உன்கிட்டயா?” அவர் திறந்து கிடந்த பானெட்டைக் காட்டினார். “செத்த பேட்டரியவே நீ விடல. என்னைய விடுவியா?”

எனக்குப் பயமாக இருந்தது. இத்தனை நாள் கோபம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது முழுவதும் பயம்தான். கதவைப் பிடித்துக்கொண்டே அழுதேன். அவர் முன்னால் நான் அழுது ரொம்ப காலமாயிற்று.

“எனக்கு நீங்க வேணும்ங்க. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது” என்றேன். “ஆனா இனிமே இழுத்துட்டுப் போகல. வேணாம்னா என் மூஞ்சியப் பாத்து சொல்லுங்க. பேட்டரிகிட்ட சொல்லி அனுப்பாதீங்க.”

அவர் மாற்றுச் சாவியை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

சத்தம் கேட்டுக் கலாதேவி அக்கா எழுந்து வந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு எதையும் கேட்காமல் தன் வீட்டுக் காடியை மூக்கோடு மூக்காகக் கொண்டுவந்து நிறுத்தினார். ஜம்பர் வயரை எடுத்தேன். அவர்கள் பேட்டரியில் இரண்டு கிளிப்பும், எங்கள் பேட்டரியில் சிவப்பும் மாட்டியாகிவிட்டது. கடைசிக் கறுப்பை நேராக எங்கள் பேட்டரியிலேயே கடிக்க வைக்கப் போனேன்.

“அங்க இல்ல” என்று பின்னாலிருந்து குரல். பாஸ்கல் இறங்கி வந்து கிளிப்பை என் கையிலிருந்து வாங்கினார். “பேட்டரிகிட்ட பொறி பறக்கும். எஞ்சின் இரும்புல மாட்டணும்.” குனிந்து, இடம் தேடி, கடிக்க வைத்தார். அவர் கை நடுங்கவே இல்லை.

எஞ்சின் பிடித்தது. மாற்றுச் சாவியை அவர் என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக்கொள்ளவில்லை.

“உங்ககிட்டயே இருக்கட்டும். ராத்திரிக்கு நான் முனையக் கழட்டவும் மாட்டேன், காவல் நிக்கவும் மாட்டேன்.”

அன்று போனோம், தாமதமாகத்தான். மையத்தில் தினேஸ்வரியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் அவர் கட்டிலருகே ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். பிச்சைமுத்துவின் பெயர் என் காதில் விழுந்தது.

வெள்ளிக்கிழமை இரவு, நான் முனையைக் கழற்றவில்லை என்று அவருக்குத் தெரியட்டும் என்று பத்து நம்பர் ஸ்பேனரைச் சாப்பாட்டு மேசை மேல் வைத்துவிட்டுப் படுத்தேன். வாக்குக் கொடுத்தது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று படுத்த பிறகுதான் தெரிந்தது. செருப்புச் சத்தம் கேட்டது. வாசல் கதவு திறந்தது. எழுந்து ஓடக்கூடாது என்று கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். எப்போது கண் அசந்தேனோ தெரியாது.

சனிக்கிழமை என்னை எழுப்பியது அலாரம் இல்லை. வெளியே எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. போட்டிருந்த துணியோடு ஓடினேன். உறை மடித்து ஓரமாக வைத்திருந்தது. பாஸ்கல் தன் இருக்கையில், மடியில் போர்வையோடும் பிளாஸ்க்கோடும் உட்கார்ந்திருந்தார்.

“என்ன பாக்குற?” என்றார். “நேரமாச்சுலா, வா.”