பொய் சொல்லக் கற்ற சிரட்டைகள்

ஜம்புலிங்கம் கேன்டீன்காரர் பக்தவத்சலத்துக்குக் கொடுக்க வேண்டியது அறுபத்து மூன்று ரூபாய் நாற்பது காசு. டீயும் பீடியும் போக மீதி எல்லாம் மூணு சீட்டில் தோற்றது. அந்தத் தொகையைக் கேன்டீன் பலகைச் சுவரில் சாக்பீசால் எழுதி வைத்திருந்தார் பக்தவத்சலம். கட்சால் தீவு ரப்பர் தோட்டத்து லய வீடுகளில் எழுத்துக்கூட்டத் தெரியாதவர்கள்கூட அந்த எண்ணை மட்டும் தடுமாறாமல் வாசித்தார்கள்.

ஜம்புலிங்கத்துக்கு ஆட்டம் தெரியாமல் இல்லை. அவன் முகம்தான் அவனுக்குப் பகை. நல்ல சீட்டு வந்தால் காது இரண்டும் பின்னால் போகும். குப்பை வந்தால் தொண்டை ஏறி இறங்கும். காது அசைந்ததும் பக்தவத்சலம் "பேக்" என்று சீட்டைக் கவிழ்த்துவிட்டு டீ ஆற்றப் போய்விடுவார். தொண்டை அசைந்தால் உட்கார்ந்து பணத்தை ஏற்றுவார். சிலோன் தோட்டத்தை விட்டு இந்தத் தீவுக்கு வந்த நாளிலிருந்து இதுதான் நடப்பு.

போன வாரம் கடனுக்கு ஈடாக அவன் மனைவி சந்திரமதியின் தையல் மிஷினைத் தூக்கிக் கொண்டுபோய் வைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமைக் கப்பலில் அதைப் போர்ட் பிளேருக்கு அனுப்பி, அங்கே டாலிகஞ்சில் கடை வைத்திருக்கும் மச்சானிடம் விற்கச் சொல்லப் போகிறாராம். லயத்துப் பெண்களின் ரவிக்கை எல்லாம் சந்திரமதி தைத்தவை. அவள் புருஷனிடம் சண்டை போடவில்லை. இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். அதற்குச் சண்டையே தேவலை என்று இருந்தது அவனுக்கு.

மூன்றாம் நாள் மழை. மரம் நனைந்தால் பால் வெட்டு கிடையாது. மழைக்கு அவர்கள் வீட்டில் ஒதுங்கிய வயர்லெஸ் ஆபரேட்டர் திருநாவுக்கரசு, கதையெல்லாம் கேட்டுவிட்டு, ஏதோ பத்திரிகையில் படித்ததைச் சொன்னார். வெளிநாட்டில் ஒரு மனுஷன் தீப்பெட்டிகளுக்குள் பாசிமணி போட்டு அவற்றுக்கு ஒரு ஆட்டம் கற்றுக் கொடுத்தானாம். கம்ப்யூட்டர் என்று மாடிவீடு அளவுக்கு மிஷின் இருக்கிறதாம். அது செய்கிற வேலையைத் தீப்பெட்டி செய்ததாம். ஜம்புலிங்கம் வாய்விட்டுச் சிரித்தான். சந்திரமதி சிரிக்கவில்லை.

"தீப்பெட்டிக்கு மூஞ்சி இல்லைல்ல?" என்று கேட்டாள்.

தீப்பெட்டி நனைந்து கிடந்தது. ரப்பர் பால் பிடிக்கிற தேங்காய்ச் சிரட்டைகளில் ஐந்தைக் கழுவி வரிசையாக வைத்தார்கள். ஓரத்துச் சிரட்டை குப்பைச் சீட்டுக்கு, அடுத்தது பெரிய ஒற்றைச் சீட்டுக்கு, நடுவில் இருப்பது ஜோடிக்கு, மற்ற இரண்டும் அதற்கு மேலானவற்றுக்கு. ஒவ்வொன்றிலும் ஒரு பிடி ரப்பர் கொட்டை, ஒரு பிடி புளியங்கொட்டை. சீட்டைப் பார்த்து, அதற்குரிய சிரட்டையில் கண்ணை மூடிக் கைவிட வேண்டும். ரப்பர் கொட்டை வந்தால் பணத்தை ஏற்று. புளியங்கொட்டை வந்தால் சீட்டைப் போடு. ஏற்றி ஜெயித்தால் அந்தச் சிரட்டையில் இன்னொரு ரப்பர் கொட்டை சேரும். ஏற்றித் தோற்றால் ஒன்று குறையும். அவ்வளவுதான் படிப்பு.

மழை விடவில்லை, ஆட்டமும் விடவில்லை. சிரட்டைகள் ஒரு பக்கம், சந்திரமதி மறுபக்கம். முதலில் சிரட்டைகள் கண்டபடி உளறின. பிறகு பெரிய சீட்டுச் சிரட்டைகளில் ரப்பர் கொட்டை குவிந்தது. அது சரி, யாருக்கும் தெரிந்த நியாயம். ஆனால் குப்பைச் சிரட்டை விசித்திரமாக நடந்துகொண்டது. ஒன்றுமில்லாத சீட்டுக்கு நடுநடுவே பணத்தை ஏற்றியது, சந்திரமதி பயந்து கவிழ்த்தாள், கொட்டை கூடியது. ரொம்ப ஏற்றியதும் அவள் சந்தேகப்பட்டுக் "காட்டு" என்றாள்; கொட்டை குறைந்தது. ஏறி இறங்கி, ஏறி இறங்கி, கடைசியில் ஒரு அளவில் நின்றது. அளவாகப் பொய், மீதி நேரம் அடக்கம்.

ஜம்புலிங்கம் அந்தச் சிரட்டையைத் தூக்கி உள்ளே வெளியே பார்த்தான்.

"யாரும் சொல்லித் தரலையேங்க. இது பாட்டுக்குப் பொய் சொல்லுது."

"பொய் சொன்னாதான் மெய்க்கு மதிப்பு," என்றார் திருநாவுக்கரசு. "நீங்க மெய்யை மட்டும் காதுல ஆட்டிக் காட்டுறீங்க. அவர் ஏன் காசு தரப்போறார்?"

மூவருக்கும் சிரிப்பு பிடித்துக்கொண்டது. சந்திரமதி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்ததைப் பார்த்ததும் ஜம்புலிங்கத்துக்குத் தலை கிறுகிறுத்தது. சிரட்டை சொன்னதைத் தவிர வேறு செய்யமாட்டேன் என்று அங்கேயே அவள் தலைமேல் கைவைத்துச் சத்தியம் செய்தான்.

வியாழக்கிழமை மத்தியானம் கேன்டீனில் ஆட்டம். பக்தவத்சலம் சிரட்டைகளைப் பார்த்துத் தொப்பை குலுங்கச் சிரித்தார். "கியா ஜம்பு, பால் வெட்ட வந்தியா, பரமபதம் ஆட வந்தியா?" தேயிலைப் பெட்டி ஒன்றை நடுவில் நிறுத்தி, சிரட்டைகளை அதன் பின்னால் மறைத்து வைத்தார்கள். ஜம்புலிங்கம் மழைச் சாக்கைத் தலைவழியே கவிழ்த்துக்கொண்டான். காதும் தெரியாது, தொண்டையும் தெரியாது. சந்திரமதி அவன் பக்கத்தில், திருநாவுக்கரசு சீட்டுப் போட.

தொடக்கத்தில் ஜம்புலிங்கம் ஏற்றிக்கொண்டே போனான். குப்பை வந்தது, ஏற்றினான். மறுபடி குப்பை, மறுபடி ஏற்றினான். ஜம்புலிங்கம் ஏற்றினால் கையில் ஏதோ இருக்கிறது என்று பழகிய பக்தவத்சலம் பேக், பேக் என்று கவிழ்த்துக்கொண்டே வந்தார். சுவரில் கடன் ஐம்பதுக்குக் கீழே இறங்கியது. வேடிக்கை பார்த்தவர்கள் பெஞ்சு மேல் ஏறி நின்றார்கள்.

ஜம்புலிங்கம் ஆனந்தமாக, மடியில் இருந்த வறுத்த புளியங்கொட்டையை வாயில் போட்டுக் கடித்தான். கடித்ததும் ஒரு சந்தேகம் தட்டியது. குப்பைச் சிரட்டையில் கைவிட்டுத் துழாவினான். எல்லாம் வழவழவென்று உருண்டை. தட்டையாகப் புளியங்கொட்டை ஒன்றுகூட இல்லை.

சாக்குக்குள்ளிருந்தே கிசுகிசுத்தான். "நீ வறுத்துக் குடுத்தியே, எந்தச் சிரட்டைல எடுத்த?"

"ஓரத்துல இருந்துச்சே, அதுல. அதுலதான் மேலாவே கெடந்துச்சு," என்றாள் சந்திரமதி. சொல்லும்போதே அவளுக்கும் விளங்கிவிட்டது.

சிரட்டையின் அடக்கம் முழுவதும் அவன் வயிற்றுக்குள் இருந்தது.

அதற்குள் பக்தவத்சலமும் விழித்துக்கொண்டார். ஒரு தடவை "ஷோ" என்று காசைப் போட்டுக் காட்டச் சொன்னார். குப்பை. அடுத்த தடவையும் குப்பை. அதற்கடுத்ததும். தோற்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு ரப்பர் கொட்டை வெளியே வந்தது. உள்ளே மிஞ்சியதும் ரப்பர் கொட்டைதான். கடன் மளமளவென்று ஏறி, அறுபத்து மூன்று நாற்பதிலேயே மறுபடி வந்து உட்கார்ந்தது.

"அரே, இவன் கையில ஒண்ணுமே இல்லாம ஏத்துறான்," என்று பெஞ்சுக்காரர்களிடம் அறிவித்தார். ஜம்புலிங்கத்துக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. சந்திரமதி அவன் முழங்காலை அழுத்தினாள்.

"சத்தியம் பண்ணிருக்கீங்க. ஆடுங்க."

அடுத்த சீட்டு விழுந்தது. சாக்குக்குள் பிரித்துப் பார்த்தான்: இரண்டு நான்கு, ஒரு ஒன்பது. சின்ன ஜோடி. நடுச் சிரட்டையில் கைவிட்டான். ரப்பர் கொட்டை. ஏற்றினான்.

பக்தவத்சலம் தம் சீட்டைப் பார்த்தார், சாக்கைப் பார்த்தார். "ரெண்டு ரூபா ஆட்டம் போதும். அறுபத்து மூணு ரூபா மொத்தமும் இதுல வைக்கிறேன். நீ ஜெயிச்சா அழிச்சிடுறேன். தோத்தா மிஷின் என்னோடது, கடனும் அப்படியே நிக்கும். தைரியம் இருக்கா?"

ஜம்புலிங்கத்தின் சொந்த மூளை சீட்டைப் போட்டுவிடு, போட்டுவிடு என்று கதறியது. அந்த மூளையின் யோக்கியதைதான் சுவரில் எழுதியிருந்ததே. மறுபடி நடுச் சிரட்டையில் கைவிட்டான். அதில் இரண்டு கொட்டையும் கலந்து கிடந்தன. தட்டையாக ஒன்று விரலில் பட்டு நழுவியது. உருண்டையாக ஒன்று உள்ளங்கைக்கு வந்தது.

"சரிங்க," என்றான்.

பக்தவத்சலம் சீட்டை விரித்தார். ஆஸ் ஒன்று, கூட உதிரிச் சீட்டு இரண்டு. வழக்கமாக இந்தச் சீட்டோடு ஐந்து பைசாகூட வைக்கமாட்டார். குப்பைக்கு இது போதும் என்று இந்த மத்தியானம்தான் கற்றுக்கொண்டிருந்தார்.

ஜம்புலிங்கம் இரண்டு நான்கையும் தேயிலைப் பெட்டிமேல் வைத்தான்.

கேன்டீன் கூரையில் மழைச் சத்தத்தை மீறி ஒரு கூச்சல் எழுந்தது. ஜம்புலிங்கம் சாக்கை எடுக்க மறந்து, அதோடேயே எழுந்து ஆடி, டீ பாய்லரில் முட்டிக்கொண்டான். திருநாவுக்கரசு மிச்சச் சீட்டையெல்லாம் மேலே வீசினார். பக்தவத்சலம் மட்டும் அந்த நான்குகளைப் புரட்டிப் பின்பக்கத்தையும் பார்த்தார். பிறகு, சொன்ன சொல் தவறாமல், ஈரத் துண்டால் சுவரைத் துடைத்தார். அறுபத்து மூன்று போயிற்று. நாற்பது காசு நின்றது.

"ரூபாய்க்குத்தான் பந்தயம். காசுக்கு இல்ல. அது நிக்கிற வரைக்கும் மிஷினும் இங்கதான் நிக்கும்."

பெஞ்சில் இருந்தவர்கள் சட்டைப்பையைத் தடவினார்கள். மாசக் கடைசி, ஒருவரிடமும் எதுவும் இல்லை. சந்திரமதி எழுந்துபோய் மூலையில் இருந்த மிஷின் முன்னால் உட்கார்ந்தாள்.

"அண்ணே, உங்க சட்டை தோள்கிட்ட கிழிஞ்சிருக்கு. கழட்டுங்க. தையக்கூலி நாப்பது காசு."

பக்தவத்சலம் தோளைத் தொட்டுப் பார்த்தார். கிழிசல் நிஜம்தான். பனியனோடு நின்று சட்டையைக் கழற்றிக் கொடுத்தார். மிஷின் கடகடவென்று ஓடியது. அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்ததும், மிச்சம் இருந்ததையும் துண்டால் துடைத்துவிட்டார்.