திருப்பாமல் விட்ட டைமர்

மெக்கானிக் வீட்டு பிரிட்ஜைப் போன்ற அனாதை உலகத்தில் கிடையாது. போன மாதம் ஒரு மருந்துக்கடைக்காரர் தன் பிரிட்ஜ் ஓடவில்லை என்று என் உயிரை வாங்கினார். என் வீட்டு பிரிட்ஜும் அதே மாடல். அதன் நல்ல டைமரைக் கழற்றி அவருக்கு மாட்டிவிட்டு, அவருடைய செத்த டைமரை வீட்டில் போட்டேன். புதியது வந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்றுதான்.

டைமரின் வேலை சின்னது. அவ்வப்போது கம்ப்ரசரை நிறுத்தி, ஹீட்டரைப் போட்டு, உள்ளே குழாயில் படிந்த உறைபனியை உருக்கும். பிறகு தானே கம்ப்ரசருக்குத் திரும்பிவிடும். செத்த டைமர் சுற்றாது. அதனால் தினமும் காலையில் ஸ்குரூடிரைவரை வைத்து நானே டக்கென்று திருப்புவேன். குளித்துவிட்டு வருவதற்குள் இருபது நிமிடம் ஆகியிருக்கும். மறுபடி ஒரு டக்.

"புதுசு ஒண்ணு போட்டா குறைஞ்சா போயிடுவீங்க?" என்பாள் மனைவி.

"நான் இருக்கும்போது டைமர் எதுக்கு?" என்பேன். அவ்வளவு திமிர்.

அந்த ஃப்ரீசரில் முப்பத்தொரு பாக்கெட் தாய்ப்பால் இருந்தது. மகளுக்கு மூன்று மாதம். மனைவியின் கழுத்தில் வந்தது கெட்ட கட்டி. மருந்து ஏற்ற ஆரம்பித்தால் பால் கொடுக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவரிடம் கெஞ்சிப் பத்து நாள் வாங்கி, பிள்ளை குடித்தது போக மிச்சத்தைப் பிழிந்து பிழிந்து சேர்த்தாள். ஒவ்வொரு பாக்கெட்டிலும் தேதியும் நேரமும் அவள் கையெழுத்தில் இருக்கும். மகளுக்குச் சாதாரணப் பால்மாவு ஒத்துக்கொள்ளாது, குடித்ததும் கக்கிவிடுவாள். வேறு மாவு வந்து சேர ஐந்து நாள் ஆகும். அதுவரைக்கும்தான் இந்த முப்பத்தொன்று.

முதல் மருந்துக்குப் போகும் காலையிலும் டைமரைத் திருப்பினேன். குளித்துவிட்டு வந்தால் ஆட்டோ வாசலில் நிற்கிறது, மனைவி மகளைத் தன் தங்கையிடம் கொடுக்க முடியாமல் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். நான் ஃபைலைத் தேடினேன், செருப்பைத் தேடினேன், கிளம்பிவிட்டோம்.

மூன்று மணிக்கு மருத்துவமனைக்குக் கொழுந்தியாள் போன் செய்தாள்.

"மாமா, அக்கா காலையில பிழிஞ்சு கீழ வச்சிருந்த பால் தீர்ந்துடுச்சுன்னு ஃப்ரீசரைத் திறந்தேன். எல்லாம் தண்ணியாக் கெடக்கு. பாக்கெட்டைத் தொட்டா வெதுவெதுன்னு இருக்கு."

கேள்வியே கேட்காமல் கோளாறு என்னவென்று தெரிந்த ஒரே கேஸ் இதுதான். குளித்துவிட்டு வந்து போடவேண்டிய இரண்டாவது டக்கை நான் போடவில்லை; காலையிலிருந்து கம்ப்ரசர் ஓடவில்லை. பக்கத்தில் கட்டிலில் படுத்திருந்த மனைவியின் கையில் மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. "என்னவாம்?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல," என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் நேராக ஃப்ரீசரைத்தான் திறந்தாள். முப்பத்தொன்றும் தொளதொளவென்று சாய்ந்து கிடந்தன. டைமரில் செருகியபடியே நின்ற ஸ்குரூடிரைவரைப் பார்த்தாள். விளக்கம் சொல்ல எனக்கு வேலை வைக்கவில்லை.

"இதுல ஒண்ணாவது ஆகுமா?"

"ஆகாதுக்கா. நர்ஸ்கிட்ட போன்ல கேட்டேன். எல்லாத்தையும் கொட்டச் சொல்லிட்டாங்க," என்றாள் தங்கை.

நான் பைக்கை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஒரு மாதமாக வாங்க நேரமில்லாத டைமர் மூன்றாவது கடையிலேயே கிடைத்தது. மாட்ட எட்டு நிமிடம். கம்ப்ரசர் பழைய சத்தத்தில் பிடித்துக்கொண்டது. ஜென்மத்தில் இவ்வளவு சுத்தமாக நான் எந்த வேலையும் பார்த்ததில்லை. அதை நினைத்தால் என்னை நானே செருப்பால் அடிக்கலாம் போலிருந்தது.

அறையில் மகள் பசியில் வீறிட்டாள். தங்கை கலக்கிக் கொடுத்த பால்மாவைக் குடித்துவிட்டு, அவள் தோளிலேயே கக்கினாள். அந்தச் சத்தம் கேட்டு மனைவியின் சட்டை மார்பில் நனைந்தது. பால் இன்னும் ஊறிக்கொண்டுதான் இருந்தது. அதையும் கொடுக்க முடியாது.

மனைவி தொட்டியருகே நின்று ஒவ்வொரு பாக்கெட்டாகத் தேதியைப் படித்துவிட்டுப் பிரித்து ஊற்றினாள். பக்கத்தில் போய் ஒன்றை எடுத்தேன்.

"நீங்க தொடாதீங்க," என்றாள்.

கீழே வைத்துவிட்டேன். இன்னும் பத்தொன்பது இருந்தன.